நாற்பத்தொன்றாம் பக்கத்துப் பச்சை முக்கோணம்

கணபதி பஸ் ஸ்டாப் எதிரில் பாலுசாமி நடத்திய லெண்டிங் லைப்ரரியில் ஒரு பழக்கம் இருந்தது. படித்த புத்தகத்தையே மறுபடி தூக்கிப் போய் ஏமாறாமல் இருக்க, ஆளுக்கொரு பக்கத்தில் ஆளுக்கொரு குறி வைத்துவிடுவார்கள். ஒருவர் பதினொன்றாம் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார், இன்னொருவர் ஐம்பதில் ஒரு டிக். “புத்தகத்தில் கிறுக்காதீர்கள்” என்று பாலுசாமி அட்டை எழுதி மாட்டினார். அந்த அட்டையிலும் எவனோ ஒரு டிக் போட்டுவிட்டுப் போனான்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லித்தரும் லோகப்பிரியாவின் குறி, இருபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. ஆனால் இரண்டு வருடமாக எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அவள் முதலில் புரட்டுவது நாற்பத்தொன்றைத்தான். அங்கே பச்சை மையில் ஒரு குட்டி முக்கோணம் இருந்தால் யோசிக்காமல் எடுத்துப் போவாள். ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை. ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தில் அதே பச்சை மை, “இவளை எதுக்குச் சாகடிக்கோணும்?” என்று கேட்டிருந்தது. அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த லோகப்பிரியாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். யாரப்பா இந்த ஆள் என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை.

ஒருநாள் நெட்டையாக ஒருவன் நாலு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். நாற்பத்தொன்றைப் புரட்டினால், நாலிலும் முக்கோணம்! “அவரு பேரு அருள்குமாருங்க. பெரியநாயக்கன்பாளையத்துல பம்ப்புசெட்டு ஒர்க்‌ஷாப். சாமான் வாங்க வாராவாரம் இங்க வருவாரு” என்றார் பாலுசாமி.

மூன்று மாதம் கழித்துத் தரகர் கொண்டுவந்த போட்டோக்களில் அதே நெட்டை முகம். ஏழு மாப்பிள்ளைகளை வேண்டாமென்று தள்ளிய மகள், ஜாதகத்தைக்கூடக் கேட்காமல் இவனுக்குத் தலையாட்டியதும் அம்மா நாச்சியம்மாளுக்குப் பயமே வந்துவிட்டது. “ஏங்கண்ணு, காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரட்டும் என்று பெரியவர்கள் மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள்.

“நீங்க பச்சை மைதான் வெச்சிருப்பீங்களாங்க?” என்றாள் லோகப்பிரியா.

அவன் விழித்தான். “எதுக்குங்க?”

“நாப்பத்தொண்ணாம் பக்கத்துல முக்கோணம் போடறதுக்கு.”

“அதுங்களா! என்ற அம்மா போடறதுங்க. அவுங்களுக்கு முட்டிவலி, பஸ் ஏற முடியாது. நாந்தான் நாலு நாலா எடுத்துட்டுப் போவேன். எனக்குப் பத்துப் பக்கம் தாண்டுனாத் தூக்கம் வந்துருமுங்க.”

போச்சுடா! லோகப்பிரியா அப்படியே தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்துவிட்டாள். அப்படியானால் இரண்டு வருடமாக மனசுக்குள் குடிவைத்திருந்தது மாப்பிள்ளையை இல்லை, மாமியாரை. கீழே காபி குடித்துக்கொண்டிருக்கிறவர்களிடம் போய் இதை எப்படிச் சொல்வது? சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து நீட்டினான். “நானும் கூட்டாளிக மூணு பேரும் ஒர்க்‌ஷாப் லீவு நாள்ல பாடி, நாங்களே ரெக்கார்டு பண்ணுனதுங்க. ஊட்டுல யாருக்கும் தெரியாது. உங்களுக்குப் புடிக்காமப் போனா இப்பவே சொல்லிப்போடுங்க.”

கேசட்டை வாங்கிக்கொண்டு கீழே வந்ததும் லோகப்பிரியா அவன் அம்மா தெய்வாத்தாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “இவளை எதுக்குச் சாகடிக்கோணும்னு எழுதுனது நீங்களாங்க?” என்று காதோரம் கேட்டாள்.

தெய்வாத்தாளின் கண் விரிந்தது. “இருவத்திமூணுல செவப்புப் புள்ளி நீயா அம்மணி? அந்தப் புள்ளி இருந்தா எடுத்துட்டு வாடான்னு அவனைப் படுத்தியெடுத்திருக்கறேனே!” சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். குரலை இறக்கி, “ஆனா கண்ணு, என்னை நம்பி என்ற பையனைக் கட்டிக்காதே. புஸ்தகம் பேச நீ எப்ப வேணும்னாலும் ஊட்டுக்கு வரலாம்” என்றாள்.

“என்ன கண்ணு சொல்றே? சம்மதந்தானே?” என்று அப்பா கூடத்திலிருந்து கேட்டார். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

லோகப்பிரியா எழுந்து போய் டேப்ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டாள். அருள்குமார் முகம் வெளுத்துப் போனது. கிடார், டமடமவென்று தகரத்தில் தட்டுகிற சத்தம், நடுவே ஒரு கரகரத்த குரல், ஆறு மணி மில் சங்கு ஊதியும் வீட்டுக்குப் போக மனசில்லாதவனைப் பற்றி. “அட, இவன் குரலு!” என்று தெய்வாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அப்பா திருமலைசாமி, “இதென்றா கூத்து?” என்று எழுந்தே விட்டார்.

பாட்டு முடிந்தது.

“புடிச்சுதாங்களா?” என்றான் அருள்குமார், தரையைப் பார்த்தபடி.

“தெரியலீங்க” என்றாள் லோகப்பிரியா. அது சத்தியமான பதில்தான். படித்த எதையும் அவள் இரண்டாம் தடவை எடுத்ததில்லை, அதற்காகத்தானே அந்தப் புள்ளி. இப்போது விரல் தன்பாட்டுக்கு ரீவைண்ட் பட்டனில் போய் நின்றது.

“அப்ப சம்மதமா, இல்லையா?” என்றார் அப்பா, பொறுமையிழந்து.

“இருங்கப்பா. இன்னொருக்கா கேக்கோணும்” என்று சொல்லி அவள் பட்டனை அழுத்தினாள்.