ஆறு மணிக்கு முன்னால்

கிழட்டு நாயை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினேன். அதற்குக் கண் தெரியாது, பின்னங்கால் இரண்டும் வராது, கனத்துக்கு மட்டும் குறைவில்லை. இன்னும் விடியவில்லை. அதன் வாய் என் கழுத்தோரம் கிடந்தது, நேற்றுத் தின்ற மீனின் வாடை என் மூக்கில் ஏறியது. கட்டின புருஷனைக்கூட நான் இவ்வளவு ஆசையாய்த் தூக்கிச் சுமந்ததில்லை. கீழே புல்லில் நிறுத்தி, இடுப்புக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தால்தான் அதற்கு மூத்திரம் வரும். பிடித்தேன். பாதி புல்லில் போயிற்று, பாதி என் காலில்.

மறுபடி மேலே தூக்கி வந்து, மாத்திரையைப் பொடித்துக் கறியில் பிசைந்து ஊட்டி, ஈரமான படுக்கைத் துணியை அலசிப் போட்டு, தரையைத் துடைத்து நிமிரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்போதுதான் மணி ஆறு. கைபேசியை எடுத்து 'வேலை தொடக்கம்' என்ற பட்டனை அமுக்கினேன். எங்கள் கம்பெனிக் கணக்கில் நான் இப்போதுதான் கண் விழிக்கிறேன்.

வெளியூர் போகிறவர்கள் வீட்டில் தங்கி, அவர்கள் திரும்பும்வரை நாயையும் பூனையையும் பார்த்துக்கொள்வது எங்கள் தொழில். நானும் என் தங்கச்சியும் ஒன்றாகத்தான் இதில் சேர்ந்தோம். போன மாதம் வரைக்கும் ராத்திரித் தங்கலுக்கும் கூலி இருந்தது. முதலாளி அதை நிறுத்திவிட்டார். "ராத்திரி தூங்கத்தானே செய்றீங்க? தூங்குறதுக்கு எந்த ஊர்ல சம்பளம் தர்றாங்க?" என்று எல்லோருக்கும் குரல் செய்தி வந்தது. கூடவே இன்னொரு ஏற்பாடு. ஒரு வீட்டு நாயை இன்னொரு வீட்டில் கொண்டுவந்து விட்டு, இரண்டையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும். முணுமுணுத்தோம். முணுமுணுத்துக்கொண்டே அவரவர் வேலைக்குப் போனோம்.

தினமும் காலையில் சொந்தக்காரருக்கு அனுப்ப வேண்டிய படத்துக்காகக் கிழட்டு நாய் முன்னால் கைபேசியைத் தூக்கியபோது தங்கச்சி கூப்பிட்டாள்.

"அக்கா, பதறாத. கையில லேசாக் கடிச்சிருச்சு. ஆஸ்பத்திரில இருக்கேன்."

"எது கடிச்சுது?"

"கறுப்பு. அது மேல தப்பில்லக்கா. புதுசா ஒரு வெள்ளைய கொண்டுவந்து விட்டாங்கல்ல, அது கறுப்போட தட்டுல வாய வெச்சிருச்சு. ரெண்டும் கட்டிப் புரண்டுச்சுங்க. பிரிக்கலாம்னு நடுவுல கைய விட்டேன்."

"ஏண்டி கைய விட்ட?"

"பின்ன, நின்னு வேடிக்கையா பார்ப்பேன்? ரெண்டையும் தனித்தனி ரூம்ல அடைச்சிட்டு வந்தேன். தண்ணிகூட வைக்கல. நீ கொஞ்சம் போய்ப் பாருக்கா."

லேசான கடி என்று சொன்னவளின் பற்கள் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.

நான் செருப்பைத் தேடுவதற்குள் கம்பெனியிலிருந்து அழைப்பு. கிழட்டு நாய்க்கு வேறு ஆள் வருகிறதாம். நான் உடனே அந்த வீட்டுக்குப் போய், "கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டு" காலைப் படம் அனுப்ப வேண்டுமாம். கறுப்பின் சொந்தக்காரர் வெளிநாட்டில் படத்துக்காகக் காத்திருக்கிறாராம். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன். "அங்க டாக்டர் இருக்காங்க. இங்கதான் யாரும் இல்ல" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

ரத்தம் சமையலறைத் தரையில் இருந்தது, குழாய்த் திருகில் இருந்தது, கதவுக் கைப்பிடி இரண்டிலும் இருந்தது. கை கிழிந்து தொங்கும்போதும் இரண்டு கதவையும் ஒழுங்காகச் சாத்திவிட்டுத்தான் போயிருக்கிறாள். மண்டி போட்டுத் துடைத்தேன். வாளித் தண்ணீர் சிவக்கச் சிவக்க மாற்றினேன். ஓரத்தில் காய்ந்துபோனதை நகத்தால் சுரண்டினேன். கூடப்பிறந்தவள் ரத்தத்தை இப்படிக் கறை மாதிரி சுரண்டி எடுப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. அழுதுகொண்டேதான் துடைத்தேன். கறுப்பு கட்டிலுக்கு அடியில் வாலை ஒடுக்கிக் கிடந்தது. ஒரு உதை விடக் கால் துடித்தது. தண்ணீர் வைத்தேன். மெல்ல வந்து குடித்தது. படம் எடுத்து அனுப்பினேன். பளிச்சென்ற தரையில் ஒரு சமத்து நாய்.

அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட முடிந்தது. வலது கை. நரம்பு அறுந்துவிட்டது என்றார் டாக்டர். தைத்திருக்கிறார்களாம், ஆனால் இரண்டு விரல் இனி மடங்குவது சந்தேகம்தானாம். தங்கச்சியை அவள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவள் மகள் சீப்பும் ரிப்பனுமாக ஓடிவந்து, முதுகைக் காட்டி முன்னால் உட்கார்ந்தது. அம்மா வீட்டிலிருக்கும் நாளில் இரட்டைப் பின்னல் என்பது அவர்களுக்குள் பேச்சு. தங்கச்சி இடது கையால் முடியை மூன்றாகப் பிரித்தாள். பிடித்துக்கொள்ள அடுத்த கை இல்லை. முடி நழுவியது. மறுபடி பிரித்தாள், மறுபடி நழுவியது.

"இங்க வா, நான் பின்னி விடுறேன்" என்றேன்.

"பெரியம்மா வேணாம். அம்மாதான்."

ஆஸ்பத்திரியில் அழாதவள், குழந்தையின் முடியைப் பிடித்தபடி அழுதாள். சத்தம் வராமல் வாயைக் கடித்துக்கொண்டு அழுதாள். குழந்தை திரும்பிப் பார்க்காமல், "ஆச்சாம்மா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் கம்பெனிக்குப் போனோம். தங்கச்சியும் வருவேன் என்று வந்தாள். சேதி கேட்டு, கூட வேலை பார்க்கிறவர்களும் வந்திருந்தார்கள். முன்னால் நின்றவர் டிரைவர் அண்ணன். பஸ் ஓட்டிக்கொண்டிருந்து, முதுகு போய், நாய்களை நடக்கக் கூட்டிப்போகும் வேலைக்கு வந்தவர். அறை கொள்ளவில்லை, பாதிப் பேர் படியில் நின்றார்கள். முதலாளி தலைக்கு மேல், சுவர் நிறைய, நாங்கள் எடுத்த படங்கள்.

"உக்காரும்மா. கை எப்படியிருக்கு?"

"மடங்கல சார்."

முதலாளி கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ஆறு மணிக்கு முன்னால நடந்திருக்கு. நீங்க பட்டனே அமுக்கல. வேலை நேரத்துல நடந்திருந்தா கம்பெனி பார்க்கும். இது உங்க சொந்த நேரம்மா."

"சொந்த நேரமா?" என்றேன் நான். "நாய் அடக்க முடியாம கதவப் பிறாண்டுது சார். கொஞ்சம் பொறு, ஆறாகட்டும்னு அதுகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரே வீட்டுல ரெண்ட விடாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன் சார்" என்றார் டிரைவர் அண்ணன்.

"கஷ்டமா இருந்தா விட்டுட்டுப் போங்க. இங்க யாரையும் கட்டிப் போடல."

"அப்ப நாங்க எல்லாருமே வேலைய நிறுத்துறோம்" என்றேன்.

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நிறுத்துவீங்களா? பூட்டின வீட்டுல நாய் பட்டினி கிடக்கும். பூனை கத்தும். உங்களால முடியாதும்மா. அந்த மனசு இருக்குன்னுதானே உங்களையெல்லாம் தேடித் தேடி எடுத்தேன்."

அவர் சொன்னது நிஜம். எங்கள் மனசைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஆள் எங்கள் கழுத்தை நெரித்தார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். "விடுங்க, போலாம்" என்று எப்போதும் சொல்கிறவள் என் தங்கச்சி. அன்றைக்கும் அதைத்தான் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சாப்பாடு வைப்போம்" என்றாள். "நடக்கக் கூட்டிட்டுப் போவோம், மருந்து குடுப்போம். எதுக்கும் குறை வைக்க வேணாம். படம் மட்டும் அனுப்ப வேணாம். அவரு விக்கிறது அதத்தானே?"

டிரைவர் அண்ணன் தொடையில் ஓங்கித் தட்டினார். "இது பேச்சு."

"எல்லாரையும் வேலைய விட்டு அனுப்பிட்டா?" என்று பூனைகளை மட்டும் பார்க்கிற ஒருத்தி கேட்டாள். அவளுக்கு வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள்.

"அனுப்பட்டும். அத்தனை வீட்டு நாயையும் அவரே வந்து கூட்டிட்டுப் போய் நிக்கட்டும், மூத்திரத்துக்கு" என்றேன்.

அவள் பயந்துகொண்டேதான் சிரித்தாள். ஆனாலும் சரி என்றாள்.

அடுத்த நாள் காலை ஒரு வீட்டிலிருந்தும் படம் போகவில்லை. நாய்களோடு பூங்காவில் கூடினோம். பூனைக்காரியும் வந்தாள். நான் கறுப்பைப் பிடித்திருந்தேன். வெள்ளையை டிரைவர் அண்ணன் தூரத்தில் வைத்திருந்தார். தங்கச்சி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். முதலில் கம்பெனி எண் அடித்தது. ஒவ்வொருவர் கைபேசியிலும் அடித்து அடித்து ஓய்ந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. பிறகு தங்கச்சிக்கு ஓர் அழைப்பு. கறுப்பின் சொந்தக்காரர். இடது கையால் எடுத்துக் காதில் வைத்தாள். நான் குனிந்து என் காதையும் அதனருகே வைத்தேன்.

"படமே வரலயே. என் பையன் எப்படியிருக்கான்?"

"நல்லா இருக்கான் சார். சாப்பிட்டான். அக்காகூட நிக்கிறான்." கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "நான் எப்படி இருக்கேன்னு கேளுங்க சார்."

"என்னம்மா ஆச்சு?"

சொன்னாள். வெள்ளை வந்ததை, தட்டை, கையை, மடங்காத விரல்களைச் சொன்னாள். ஆறு மணிக்கு முன்னால் நடந்ததால் அது வேலையில்லை என்று கம்பெனி சொன்னதையும் சொன்னாள். பாதியில் விடவில்லை.

"சின்னக் கீறல்னுதானே எங்கிட்ட சொன்னாங்க? இன்னொரு நாய் வரும்னு யாருமே சொல்லலயே" என்றார் அவர். "ராத்திரிக்கு வேலையில்லன்னு எப்படிச் சொல்றாங்க? ராத்திரி முழுக்க ஆள் முழிச்சிருந்து பார்த்துக்குவாங்கன்னு சொல்லி, அதுக்குன்னு தனியாவே எங்கிட்ட பணம் வாங்கியிருக்காங்களேம்மா. ஒவ்வொரு ராத்திரிக்கும் கட்டியிருக்கேன்."

நாங்கள் விழித்திருப்போம் என்று சொல்லி அவரிடம் வாங்கியிருக்கிறார்கள். தூங்குகிறோம் என்று சொல்லி எங்களிடம் பிடித்திருக்கிறார்கள்.

தங்கச்சி கைபேசியை என் பக்கம் நீட்டினாள். "அக்கா, ஸ்பீக்கர அமுக்கு. எனக்கு ஒரு கைதான்."

அமுக்கினேன். டிரைவர் அண்ணன் வெள்ளையை மரத்தில் கட்டிவிட்டு வந்தார். பூனைக்காரி வந்தாள். எல்லோரும் பெஞ்சைச் சுற்றி நெருங்கியதில் நாய்ச் சங்கிலிகள் காலில் சிக்கின. யாரும் விலகவில்லை.

"சார்," என்றாள் என் தங்கச்சி, "இப்பச் சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா. இங்க நாங்க எல்லாரும் இருக்கோம்."