பிரிக்காத மெழுகுத்தாள்

எங்கள் மலையூர்ப் பழைய ராணுவ லாரிச் சங்கத்தில் மொத்தம் பதினொரு பேர். அதில் ராணுவத்தின் வாசலை மிதித்தவர் ஒரே ஒருவர்தான், அவரிடம் சொந்த லாரி கிடையாது. மற்றவர்கள் பல் வைத்தியர், துணிக்கடைக்காரர், ரிட்டயர் ஆன பேங்க் மேனேஜர் என்று கலவையான கூட்டம். ஞாயிறு வந்தால் தொப்பையைப் பச்சைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஒருவருக்கொருவர் சல்யூட் அடித்துக்கொள்வார்கள். இவர்களுக்கு உதிரிபாகம் விற்றுத்தான் என் பிழைப்பு ஓடுகிறது என்பதால் முகத்துக்கு நேரே சிரிக்க மாட்டேன். கடைக் கதவைச் சாத்திவிட்டுச் சிரிப்பேன்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஜெனரல். இன்சூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷம் ஃபைல் தள்ளியவர், பட்டம் அவரே அவருக்குக் கொடுத்துக்கொண்டது. அவரிடம் இருந்தது அறுபது வயதான ஆறு சிலிண்டர் டீசல் லாரி. அவருக்கு அதைத் தினமும் பாலிஷ் போடத் தெரியும், கியர் போடத் தெரியாது. அவர் கியர் மாற்றினால் தெருவில் இருக்கிற நாயெல்லாம் பதிலுக்குக் குரைக்கும். அதனால் ஊர்வலம் என்றால் ஓட்டுவது என் அக்காள் புருஷன். இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இதே ரக லாரி ஓட்டிய மனிதர். அத்தான் வியர்க்க வியர்க்க ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவார். ஜெனரல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஜனங்களுக்குக் கையசைப்பார்.

அத்தான் அந்த லாரியைக் கழுதை என்பார். "கழுதையை அடிச்சு எழுப்பக் கூடாது, சூடு காட்டித்தான் எழுப்பணும்" என்று சொல்லிவிட்டு ஹீட்டர் சுவிட்சை அழுத்திப் பிடிப்பார். சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு ஹீட்டர் பிளக். அவை சூடேறினால் டேஷ்போர்டில் ஒரு சின்னக் கம்பிச்சுருள் சிவக்கும். நாற்பது எண்ணிவிட்டு செல்ஃப் அடிப்பார், எவ்வளவு குளிராக இருந்தாலும் கழுதை எழுந்துவிடும்.

அந்த ரகத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. ஆறு பிளக்கும் ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்தவை. ஒன்று செத்தால் ஆறும் செத்த மாதிரிதான். அதனால் என் கடையில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். மேஜையில் ஒற்றை செல் பேட்டரி இருக்கும். எந்த பிளக்கையும் அதில் வைத்து, முனை சிவந்த பிறகுதான் வாடிக்கையாளர் கையில் கொடுப்பேன். அத்தானுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

போன கோடையில் அத்தான் நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தார். ஜெனரல் பார்க்க வந்தார், வந்த இடத்திலும் கட்டிலுக்கு முன்னால் விறைப்பாக நின்று ஒரு சல்யூட். அத்தான் கஷ்டப்பட்டுச் சிரித்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். நான் போயிட்டா என்னை அந்தக் கழுதை மேல ஏத்தி அனுப்பணும். வேற வண்டி வேண்டாம்."

"கண்டிப்பா டிரைவர். இது என் வாக்கு" என்றார் ஜெனரல். வாக்காம், பெரிய மகாராஜா என்று நான் அடுப்படியில் முணுமுணுத்தேன். அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அடுத்த வாரமே மகாராஜா என் கடையில் நின்றார். லாரிக் கண்காட்சி வருகிறதாம்.

"நீங்க போட்டுக் குடுத்த பிளக்கால போன தடவை அரை மார்க் போச்சும்மா. புதுக் கம்பெனி முத்திரை இருக்குதாம். அந்தக் காலத்து ராணுவ சரக்குதான் வேணும். பிரிக்காதது."

"வண்டி கிளம்பணுமா, மார்க் வாங்கணுமா?"

"ரெண்டும்தான்."

என்னிடம் ஒரு பெட்டி இருந்தது. மெழுகுத்தாளில் சுற்றி, முத்திரை குத்தி, நாற்பது வருஷமாகப் பிரிக்காமல் கிடந்த ஆறு பிளக். ஒன்றை எடுத்துத் தாளில் நகத்தை வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"ஐயையோ, பிரிக்காதீங்க! ஜட்ஜ் கண்ணு முன்னாடி நான்தான் பிரிச்சு மாட்டணும். அதுக்கே தனி மார்க்கு."

"செக் பண்ணாம நான் குடுக்கறதில்லை சார்."

"ராணுவத்துல செக் பண்ணித்தாம்மா சுத்தியிருக்கான்!"

அதற்குப் பிறகு மெழுகுத்தாளின் மகிமையைப் பற்றி கால் மணி நேரம் வகுப்பு எடுத்தார். எனக்கா வகுப்பு! எரிச்சல் தலைக்கேறிவிட்டது. எக்கேடு கெட்டுப் போ, நடுரோட்டில் நின்றால் புத்தி வரும் என்று நினைத்துக்கொண்டு ஆறையும் பிரிக்காமல் அவர் பையில் போட்டேன். அவர் போனதும் பக்கத்துத் தையல்கடைக்காரியிடம் நடித்துக் காட்டி இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கண்காட்சிக்குக் கழுதை ஓடிப் போகவில்லை. புழுதி படக் கூடாது என்று இன்னொரு பெரிய வண்டியின் முதுகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோப்பை கிடைத்தது. அப்படியே கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்திப் போர்வை போட்டார்கள். அதன் பிறகு அதை யாரும் கிளப்பவில்லை.

குழாய்த் தண்ணீர் உறைந்துபோன ஒரு வாரத்தில் அத்தான் போய்ச் சேர்ந்தார்.

இடுகாட்டில் ஒன்பது மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். பத்து மணிக்கு வேறு ஒருவருக்கு. ஏழரைக்கு நான் ஷெட்டுக்குப் போனபோது தெருமுனையிலேயே செல்ஃப் இழுக்கும் சத்தம் கேட்டது. அலுத்துப்போன சத்தம். ஆறு மணியிலிருந்து அடித்துக்கொண்டிருந்தாராம். ஜெனரல் முழு யூனிஃபார்மில் இருந்தார், மூக்கு நுனி சிவந்திருந்தது. கையில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே டப்பா. காற்று போகிற குழாயில் அதை அடித்தால் குளிர்ந்த இன்ஜின் பொட்டென்று பற்றிக்கொள்ளும். பல நேரம் பிஸ்டனையும் சேர்த்து உடைக்கும். டப்பாவைப் பிடுங்கி எறிந்தேன்.

"அறிவிருக்கா உங்களுக்கு? ஹீட்டர் போட்டீங்களா?"

"நாற்பது எண்ணினேம்மா. டிரைவர் சொன்ன மாதிரியே. நாலஞ்சு தடவை எண்ணினேன். சிவப்பு வரவே இல்ல."

பானெட்டைத் திறந்து ஒவ்வொரு பிளக்காகப் பார்த்துக்கொண்டே போனேன். நாலாவது செத்திருந்தது. ஒரு செம்புக் கம்பியை வைத்து அதைத் தாண்டி மற்ற ஐந்தையும் இணைத்தேன். சுவிட்சை அழுத்தினால் சுருள் மங்கலாகச் சிவந்தது. செல்ஃப் அடித்தேன். டக். மறுபடியும் டக். பேட்டரியில் உயிர் இல்லை. சங்கத்து மற்ற வீரர்களின் பேட்டரி வாங்கலாமென்றால், குளிர்காலத்துக்கென்று எல்லோரும் கழற்றி மூலையில் போட்டு வைத்திருந்தார்கள், ஒன்றிலும் சார்ஜ் இல்லை. எட்டே முக்கால் ஆகிவிட்டது.

கடைசியில் பேக்கரிக்காரரின் வேன் வந்தது. தட்டுகளை எடுத்துவிட்டு, லாரியில் ஏற்றுவதற்காக ஷெட்டுக்கே கொண்டுவந்திருந்த அத்தானை உள்ளே வைத்தார்கள். கால் நீட்ட இடம் போதவில்லை, பெட்டியைக் கொஞ்சம் சாய்த்துத்தான் வைக்க முடிந்தது. இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தையே சுமந்த மனிதர் பன் வாசனையோடு கிளம்ப வேண்டியதாயிற்று.

அக்கா லாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல் வைத்தியர் தொண்டையைக் கனைத்தார்.

"பிளக் அம்மா கடையில வாங்கினதுதானே? பழைய சரக்கைத் தள்ளிட்டாங்க போல."

அக்கா வெடுக்கென்று திரும்பினாள்.

"என் தங்கச்சியைச் சொல்லாதீங்க. செக் பண்ணாம அவ ஒண்ணுமே குடுக்க மாட்டா. அவர் சாகற வரைக்கும் அதைத்தான் சொல்லிட்டிருந்தாரு."

ஜெனரல் என்னைப் பார்த்தார். அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். போட்டு உடைக்கட்டும் என்று காத்திருந்தேன். உடைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஆளோ தொப்பியைக் கழற்றிவிட்டு அக்காவின் முன்னால் தலையைக் குனிந்தார்.

"அவங்க செக் பண்ணித்தாம்மா குடுத்தாங்க. மாட்டும்போது நான்தான் கெடுத்துட்டேன். மன்னிச்சுடுங்க."

அக்கா அவர் முகத்துக்கு நேரே, "வாக்குக் குடுத்தீங்களே, பாவி" என்றாள். அவர் அதையும் வாங்கிக்கொண்டார்.

இத்தனை வருஷம் அவரைப் பார்த்துச் சிரித்த வாய் எனக்கு. அன்றைக்கு அது திறக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வழி நெடுக அவள் என் தோளில் சாய்ந்து, நீயாவது இருக்கிறாயே என்று அழுதுகொண்டு வந்தாள்.