பண்ணையாரின் காதோரப் புண்

வீட்டுக்குள் நாற்றம் வந்தபோது பழி பூனைமேல் விழுந்தது. அதுவும் நியாயந்தான். எங்கேயோ கடி வாங்கிக்கொண்டு வந்து, காதோரம் சீழ் கோத்துப் புடைத்திருந்தது. எலி ஒன்றும் பிடிக்காமல் வேளாவேளைக்குச் சோறு கேட்பதால் அம்சம் அதற்கு வைத்த பெயர் பண்ணையார். வேலை கிடையாது, ஊர்ச்சண்டை மட்டும் உண்டு.

"இந்தச் சனியன சாக்குல போட்டு ஆத்துக்கு அக்கரையில விட்டுட்டு வரப்போறேன்," என்றார் அவள் புருஷன் வீரையன். வயலிலிருந்து வந்து கட்டிலில் காலை நீட்டியிருந்தார். பூனை அந்தக் காலடியில்தான் சுருண்டு கிடந்தது. "சோத்துல கை வைக்க முடியல. கொமட்டுது."

"காயற வரைக்கும் பொறுங்க. நான் பாத்துக்கறேன்."

பாத்துக்கறேன் என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. மாமியாரைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள், இவருடைய சர்க்கரை மாத்திரையைப் பார்க்கிறாள். இப்போது பூனை. களையெடுத்த இடுப்பு விட்டுப்போகிறது. ஆனாலும் அதைத் துரத்த மனசில்லை. அலுத்துப்போய் வருகிறவளை வாசலுக்கு வந்து பார்க்கிற உயிர் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

மறுநாள் வேலைக்குப் போகாமல், பூனையைக் கூடையில் மூடித் திருத்துறைப்பூண்டி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் லத்தீஃபா முடியைக் கத்தரித்துச் சீழை எடுத்தார். பண்ணையார் போட்ட கத்தலில் வெளியே நின்ற கன்றுக்குட்டி மிரண்டது.

"மஞ்சள், டெட்டால் எதுவும் போடாதீங்கம்மா, நக்கிரும். வெதுவெதுப்பா உப்புத் தண்ணியில தொடைங்க, இந்த மருந்தக் குடுங்க. காஞ்சா நாத்தம் போயிரும்."

காலையும் மாலையும் துடைத்தாள். விரல் பட்டாலே கத்திற்று. அவள் கையெல்லாம் பிராண்டல். ஒருவழியாகப் பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் தெரிந்தது.

நாற்றம் போகவில்லை.

அன்று சாயங்காலம் வீரையன் கட்டிலில் உட்கார்ந்தபடியே சாக்கை உதறினார். "புடிச்சுக் குடு அத."

அம்சம் பூனையைத் தூக்கி, அதன் காதைத் தன் மூக்கோடு சேர்த்து மோந்து பார்த்தாள். வெறும் பூனை வாசனை. இறக்கிவிட்டதும் அது வழக்கம்போல அவர் காலடிக்குப் போயிற்று. பிடிக்கக் குனிந்தவளின் முகத்தில் நாற்றம் வந்து அடித்தது.

"காலக் காட்டுங்க."

"என் காலுக்கு என்ன?"

"காட்டுங்கன்னா."

வலது காலைத் தூக்கித் திருப்பினாள். குதிகால் வெடிப்பில் அப்பியிருந்த சேற்றுக்கு நடுவே, புளியங்கொட்டை அளவுக்குக் குழி. சுற்றிலும் கறுத்து, உள்ளே சீழ் நின்றது.

காலைத் தினமும் பாருங்க என்று சர்க்கரை மாத்திரை தருகிற நர்ஸ் எப்போதோ சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் பார்த்தவள் இதைப் பார்க்கவில்லை. குழியின் ஓரத்தில் விரலை வைத்தாள். கத்திவிடுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள். இன்னும் அழுத்தினாள்.

"எங்க அமுக்குற?" என்று கேட்டார் வீரையன், சாக்கைக் கையில் வைத்தபடியே.