டி எழுத்தின் வயிற்றில் ஒரு முள்

சபாபதி அந்தக் கறுப்புக் கோப்பை இறந்துபோன தம்பியின் கால்மாட்டில், சவப்பெட்டிக்குள் விரித்த வெள்ளைத் துணிக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தபோது தாமரை பார்த்துவிட்டாள்.

"என்ன மாமா அது?"

"இந்தப் பேய் எழுத்தெல்லாம் அவனோடயே போகட்டும்மா. வீட்டுல வச்சா ஆகாது. நாப்பத்தொரு வயசுல ஹார்ட் அட்டாக்குன்னா சும்மாவா வரும்?"

"அது அவரு கடைசியா வரைஞ்சது."

"அதான் சொல்றேன்."

கோப்பில் இருந்தவை அவள் கணவன் குகன் ஏழு மாதமாகப் பட்டைப் பேனாவால் வரைந்த ஆங்கில எழுத்துகள். இன்னும் கணினியில் ஏற்றவில்லை. மின்சுடலைக்குள் போனால் அவ்வளவுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து குகன் செய்த வேலை இதுதான். பழைய ஐரோப்பிய மாதாகோயில் கூரைகளைப் போல முனை முனையாக, தடித்துக் கறுத்து நிற்கும் எழுத்துகள். ஷாப்பிங் மாலில் பேய் வீடு போடுகிறவர்கள், திகில் பட போஸ்டர்காரர்கள், முடி வளர்த்த இசைக்குழுக்கள் எல்லாரும் அவனைத் தேடித்தான் வருவார்கள். சபாபதியோ, "தம்பி கவர்மென்ட் பிரிண்டிங் கான்ட்ராக்டர்" என்பார். இன்று காலையிலிருந்து ஐம்பது பேரிடமாவது சொல்லியிருப்பார்.

தாமரையின் அடுக்குமாடி லிஃப்டில் பெட்டி நுழையாது. அதனால் கிள்ளானில் சபாபதியின் வீட்டு ஹாலில் குகன் படுத்திருந்தான். தலைமாட்டில் அவனுடைய மாலை போட்ட படம். அதற்கு மேலே, அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக, தனி விளக்கோடு, தங்கச் சட்டத்துக்குள் சபாபதியின் கௌரவ டாக்டர் பட்டம். வந்தவர்கள் கும்பிட்டது பெட்டியையா சட்டத்தையா என்று சொல்வது கடினம்.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு ஓட்டல் மண்டபத்தில், எந்த வரைபடத்திலும் அகப்படாத தீவொன்றின் பல்கலைக்கழகம் அவரது சமூக சேவையைப் பாராட்டி அதை அளித்தது. முப்பத்திரண்டு பேர் உள்ள சங்கத்துக்கு அவர் தலைவர். அதில் பதினோரு பேர் சம்பந்தி வீட்டார்.

"டாக்டர், மைக் ரெடி லா," என்று சங்கச் செயலாளர் ரெங்கசாமி வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "நீங்க பேசி முடிச்சதும் பெட்டிய மூடிரலாம்."

தாமரை குனிந்து கோப்பை உருவினாள். சபாபதி மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். பிணத்துக்கு மேலே இருவரும் ஆளுக்கொரு பக்கம்.

"விட்டுரேன் தாமர," என்றாள் சபாபதியின் மனைவி தனலெட்சுமி. "அவரு டாக்டரு. காரணம் இல்லாமலா சொல்வாரு?"

தாமரை சுவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு மற்ற யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"பேய் எழுத்தெல்லாம் அவரோட போகணும்னா, மேல மாட்டியிருக்கறதையும் கழட்டிக் குடுங்க மாமா. அதுவும் இவரு கைதான்."

சபாபதி சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

"என்ன பேசுற நீ?"

அவள் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். தாள் முழுக்க ஒரே எழுத்து, பெரிய டி. அதன் வயிற்றுக்குள் சின்னதாக ஒரு முள். சபாபதி சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் 'டாக்டர்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து, அதே டி, மின்னியது. முள்ளும் மின்னியது. நான்கு வருடமாக அதை வேலைப்பாடு என்று நினைத்திருந்தார்.

"இவரு எப்ப டி போட்டாலும் உள்ள இந்த முள்ள வைப்பாரு. உங்களுக்குப் பட்டம் வாங்கிக் குடுத்த ஏஜென்ட் இவருகிட்டதான் அத அடிக்கக் குடுத்தான். பேய் வீட்டுக்குப் போட்ட அதே எழுத்து. ரத்தம் சொட்டவிட்டா பேயி, தங்கம் பூசினா பட்டம்னு சொல்வாரு."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். சபாபதி தம்பியைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பேர்னு தெரிஞ்சேதான் செஞ்சானா?"

"ஸ்பெல்லிங்க ரெண்டு தடவ செக் பண்ணாரு."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "சிரிச்சானா?"

அன்று குகன் விக்கல் எடுக்கும்வரை சிரித்தான். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிறாத. சந்தோஷமா இருக்காரு, பாவம்" என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினான்.

"இல்ல மாமா," என்றாள் தாமரை.

சபாபதியின் பிடி தளர்ந்தது. அவள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். வேண்டியது கைக்கு வந்துவிட்டது. ஆனால் கணவன் முகத்தின் பக்கம் அவள் பார்வை போகவில்லை. பெட்டியின் பித்தளைக் கைப்பிடியிலேயே நின்றது.

"அடுத்ததாக, நமது தலைவர் டாக்டர்..." என்று மைக் தொடங்கியது. சபாபதி நகரவில்லை. மைக் இருமியது, மறுபடி அழைத்தது, பிறகு யாரோ அதை அணைத்தார்கள்.

"நேரமாச்சும்மா, வாய்க்கரிசி போட்டுருங்க," என்றார் பெட்டிக்காரர்.

தாமரை கோப்பை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, தட்டிலிருந்து அரிசியை அள்ளினாள். கண்ணை மூடிக்கொண்டே போட்டாள். அரிசி வாயில் விழவில்லை. கழுத்துப்பட்டையிலும் தோளிலும் சிதறியது.

பெட்டிக்காரர் துடைக்கத் துணியை எடுத்தார். சபாபதி அவர் கையைத் தடுத்தார். மூக்குக் கண்ணாடி நழுவ நழுவ, தம்பிமேல் குனிந்து, அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, அவன் உதட்டில் வைக்கத் தொடங்கினார்.