கொடுக்கல் வாங்கல்

கோரமண்டல் ஸ்டேஷன் ரோட்டு முக்கில் பாடையை இறக்கி வைத்தார்கள். இந்த ஊர்த் தொழிலாளிகள் வழக்கத்தில் இந்த இடத்தில் ஒரு கேள்வி உண்டு. செத்தவருக்குக் கொடுக்கல் வாங்கல் பாக்கி இருக்கிறதா என்று கூட வேலை செய்தவர் ஒருவர் மூன்று தரம் கேட்பார். மகன் பதில் சொன்னால்தான் பாடை மறுபடி தோளேறும்.

மற்றவர்கள் சாவில் இந்தக் கேள்வி வரும்போது நாகேஷ் செல்போனை நோண்டிக்கொண்டிருப்பான். இன்று பதில் சொல்ல வேண்டிய மகன் அவன்.

அப்பா ராஜப்பா தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவர். ரிட்டயராக இரண்டு வருஷம் இருந்தது. நாகேஷ் பெங்களூரில் ஃபிளாட் வாங்க லோன் கேட்டபோது, விலையில் ஐந்தில் ஒரு பங்கை உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து காட்டுங்கள் என்றது பேங்க். சேமிப்பாவது, மண்ணாவது. அப்பாதான் வேறொரு பேங்கில் தன் சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்கிக் கொடுத்தார். கேட்டால் சேமிப்பு என்று சொல்லிவிடு என்றார்.

இரண்டு லோனுக்கும் தரகு பேசியவன் பக்கத்து வீட்டு கிளமெண்ட். விடியற்காலையில், பிணத்தைக் குளிப்பாட்டும் முன்பே, நாகேஷைப் பின்பக்கம் இழுத்துப்போனான்.

"அப்பா பேர்ல சொத்தே இல்ல. குவார்ட்டர்ஸ் கம்பெனியோடது. அந்த பேங்க்காரன் இன்னா பண்ணுவான்? நீ வாயத் தொறந்து ஒத்துக்கின, உன் லோன் போச்சு, குடுத்த அட்வான்சும் போச்சு."

நாகேஷின் ஃபிளாட் லோனுக்காக இந்த வீட்டில் விசாரிக்க பேங்க் ஆபீசர் வருவதாக இருந்த நாளும் இதுதான். விஷயம் தெரிந்து மாலையோடு வந்துவிட்டார். இப்போது கிளமெண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இருந்த மாணிக்கராஜ் இரண்டு தரம் கேட்டுவிட்டார். கூட்டம் நாகேஷைப் பார்த்தது. ஆமாம் என்றால் அந்தப் பணம் எதற்கு என்று கேட்பார்கள். சும்மா நின்றால் இங்கேயே நிற்க வேண்டியதுதான்.

"ராஜப்பா யாருக்குனா தரணுமா? சொல்லுப்பா."

"யாருக்கும் தர வேண்டியதில்ல மாமா."

சொன்ன பிறகு அப்பாவின் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மாணிக்கராஜ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு பைசா கடன் வெக்காத போயிட்டான்யா. யாருக்கு வரும் இந்தச் சாவு?"

பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். நல்ல குடும்பம் என்று ஆபீசர் கன்னடத்தில் கிளமெண்டிடம் சொன்னார். பிறகு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாக்ஸ் காலோடு வந்து தானும் பாடைக்குத் தோள் கொடுத்தார்.

நாகேஷ் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். சட்டி ஏந்தியவன் திரும்பிப் பார்க்கக் கூடாது.