விசாரிக்க வந்தவர்

கோட்டு போட்ட அந்த ஆள் ராணுவ அடையாள அட்டையை நீட்டியதும், "என் பையனுக்கு என்ன ஆச்சு?" என்றாள் சாந்தி. மகன் அகிலன் டெக்சாஸில் ராணுவ ஹெலிகாப்டர் மெக்கானிக்.

"நல்லா இருக்கார் மேடம். வழக்கமான விசாரணைதான்" என்றபடி அவர் அந்த ஃப்ரீமான்ட் வீட்டு சோபாவில் உட்கார்ந்தார். படிப்பு, பழக்கவழக்கம் என்று ஆரம்பித்தவர் திடீரென்று கேட்டார்: "தேங்ஸ்கிவிங் லீவுக்கு அகிலனோட டேனியல்னு ஒரு நண்பர் வந்தாராமே. எந்த ரூம்ல தூங்கினார்?"

சாந்திக்குச் சுருக்கென்றது. ஹெலிகாப்டர் ரிப்பேர் பண்ணுகிறவனைப் பற்றி இது எதற்கு? டேனியல் வந்ததை இவருக்கு யார் சொன்னது?

"இந்த ஹால்லதான்" என்று கூசாமல் பொய் சொன்னாள். டேனியல் தூங்கியது அகிலன் ரூமில்.

அவர் போன பிறகும் வீட்டு ஃபோனைத் தொட அவளுக்குப் பயம். ஒட்டுக் கேட்டால்? மௌரி அவென்யூ மளிகைக் கடை வாசலில் இருந்த பே ஃபோனிலிருந்து மகனைக் கூப்பிட்டாள்.

"ஒருத்தன் வந்து துருவித் துருவிக் கேட்டுட்டுப் போறான். என்ன கண்ணு பண்ணி வெச்சிருக்க?"

"தப்பு எதுவும் பண்ணலம்மா." அகிலன் குரலைத் தாழ்த்தினான். "அப்பாவுக்கு உன்னைப் பிடிக்கிற மாதிரி எனக்கு டேனியலைப் பிடிக்கும். ஆர்மியில அது தெரிஞ்சா வெளிய அனுப்பிடுவாங்க. அவங்க கேக்கக் கூடாது, நாங்க சொல்லக் கூடாதுன்னு ரூல். ஆனாலும் கேக்கறாங்க."

பார்த்த பெண்களையெல்லாம் அவன் தட்டிக்கழித்த காரணம் சாந்திக்கு இப்போதுதான் புரிந்தது. ஆனாலும் வாயில் வந்தது வேறு கேள்வி: "யாருடா போட்டுக் கொடுத்தது?"

"தெரியலம்மா. சார்ஜென்ட் பொண்டாட்டி போட்டோவை மேஜையிலயே வெச்சிருக்கார். நான் டேனியல் பேரைச் சொன்னா வேலை போயிடும். இது என்ன நியாயம்?"

அவள் பொய் அவனைக் காப்பாற்றவில்லை. கோடைக்குள் அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். கணவர் வெள்ளியங்கிரி பல நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே வக்கீல் ஒருவரைப் பிடித்தார்.

சாந்திக்கு எல்லார் மேலும் சந்தேகம். கோயிலில் அவள் சிநேகிதி மீனாக்ஷி, "அகிலன் ஏன் ஆர்மிய விட்டுட்டான்?" என்றபோது உற்றுப் பார்த்தாள். தேங்ஸ்கிவிங் சாப்பாட்டுக்கு இவளும்தானே வந்திருந்தாள்?

"அவனா விடல. ஒரு ஆம்பளைய நேசிக்கறான்னு விரட்டிட்டாங்க. கேஸ் போட்டிருக்கோம்."

மீனாக்ஷி முகத்தில் தெரிந்தது அதிர்ச்சியா நடிப்பா என்று சாந்திக்குப் பிடிபடவில்லை. பதிலுக்குக் காத்திராமல் சன்னிதிக்குள் நடந்தாள்.