ஒரே ஒரு சட்டி

அடுப்பில் ஒரே ஒரு சட்டிதான் இருந்தது. தையல்காரியின் நாத்தனார் மூடியைத் திறந்து பார்த்தாள். வேறு ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று அலமாரியையும் ஒரு பார்வை பார்த்தாள். போகிற வீட்டிலெல்லாம் நின்று வேலை வாங்குகிறவள் என்பதால் குடும்பத்தில் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர்.

"நோன்பு திறக்க சூப்பு, ரொட்டி, பேரீச்சம்பழம். இவ்ளோதானா?"

"இவ்ளோதான் அக்கா. இந்த வருஷம் இப்படித்தான்னு முதல் நோன்பன்னைக்கே சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர தையல்காரிக்கு உள்ளே உதறல்தான். கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய ரமலான் மாலைகள் எண்ணெய்ச் சட்டியோடு போயின. பகலெல்லாம் பெருநாள் துணி தைப்பு, சாயங்காலமெல்லாம் பொரிப்பு. பந்தி போலப் பரப்பிச் சாப்பிட்டுவிட்டு வீடே எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும். மஃரிப் என்கிற அந்தித் தொழுகை தள்ளிக்கொண்டே போகும். பிறகு மலைபோல் பாத்திரம். ஒரு ரமலானிலாவது குர்ஆனை முழுதாக ஓதி முடிக்க வேண்டும் என்று வருஷா வருஷம் நிய்யத் வைப்பாள். அடையாளத்துக்கு வைத்த அளவு நாடாத் துண்டு பாதியிலேயே நின்றுவிடும். இந்த வருஷம் அது கடைசிப் பக்கங்களைத் தொட்டிருந்தது. நாளையிலிருந்து துணி வாங்க வாசலில் கூட்டம் நிற்கும், மெஷினை விட்டு அசைய முடியாது. இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

"நான் ஓதப் போறேன்" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஓதிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து மறுபடியும். பிறகு இன்னொரு தரம். ஒவ்வொரு முறையும் கால் எழப் பார்த்தது. யார் என்ன செய்கிறார்களோ, சட்டி அடிப்பிடித்தாலும் பிடிக்கட்டும் என்று பக்கத்தைப் புரட்டினாள். கடைசி இரண்டு பக்கம் மிச்சமிருக்கும்போது பள்ளிவாசலில் பாங்கு கேட்டது.

பழம், தண்ணீர், பிறகு சூப். முதல் கரண்டியிலேயே எல்லோர் முகமும் அஷ்டகோணலாயிற்று.

"நோன்போட ருசி பாக்க முடியாதே, நீ மறந்திருப்பியோன்னு ஒரு கை உப்பு போட்டேன்" என்றான் புருஷன்.

"நானும் போட்டேன் வாப்பா" என்றாள் மகள்.

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க? கொஞ்சம்தான் போட்டேன்!"

"உன் கொஞ்சம் எங்களுக்குத் தெரியாதாக்கா?" என்றான் அவள் தம்பியான புருஷன்.

முதலில் சிரித்தது மேஸ்திரிதான். ரொட்டியைப் பழத்தோடு தின்று, வயிறு கனக்காமல் எழுந்து, பாங்கின் சத்தம் காதை விட்டுப் போகுமுன் எல்லோரும் சேர்ந்து தொழுதார்கள். அந்த வீட்டில் அப்படித் தொழுதது தையல்காரிக்கு நினைவிலேயே இல்லை.

கழுவ ஒரு சட்டிதானே, கிடக்கட்டும் என்று தொழுகை விரிப்பிலேயே குர்ஆனை விரித்தாள். மிச்சமிருந்தவை சின்னச் சின்ன அத்தியாயங்கள், வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அவள் குரல் நடுங்கியபோது மகள் சேர்ந்துகொண்டாள், அப்புறம் புருஷன். மேஸ்திரி சேர்ந்ததும் மற்ற குரல்கள் அதற்குள் அடங்கிப்போயின.

"முடிச்சிட்டேன் அக்கா" என்றாள் தையல்காரி. கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

"எங்கே முடிஞ்சுது? மறுபடி முதல்லேருந்து ஆரம்பி" என்று மேஸ்திரி சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

தையல்காரி நாடாத் துண்டை எடுத்து முதல் பக்கத்தில் வைத்தாள்.